எளாவூர்ச் சாவடியும் நோயாளியின் மருந்தும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே செல்பவர்க்குத் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களுள் ஒன்றாக எதிர்ப்படுவது ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. வடக்கே ஆந்திரத்தின் தடாவும் சூலூர்ப்பேட்டையும் இருக்கின்றன. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. எனினும் கரையோரக் குப்பங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. கொள்வினையும் கொடுப்பினையும் இருபுறமும் நடக்கின்றன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரியும்வரை இவையனைத்தும் ஒரே சென்னை மாகாணம். 1960 ஏப்ரலில் எல்லை மீண்டும் திருத்தி வரையப்பட்டது. மனித வாழ்வின் அளவில் பார்த்தால், இன்று அக்கரையோரம் வாழும் முதியவர்கள் சிலரைவிட அந்த எல்லைக்கோடு இளையது.

ஆரம்பாக்கத்துக்கு அருகில் எளாவூரில் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி ஒன்று உண்டு. அந்த வழியே இருவகைப் பயணங்கள் நடக்கின்றன. ஒன்று, ஆந்திர ஒடிசா எல்லை மலைகளில் விளைந்த கஞ்சா பொட்டலங்களாகக் கட்டப்பட்டுச் சரக்கு வண்டியிலும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் மறைந்து தெற்கே வருவது. மற்றொன்று, நெல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புற்றுநோயாளிகள் சென்னையின் அரசு மருத்துவமனைகளையும் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தையும் நாடி வந்து, மருத்துவம் முடிந்து, அல்லது இனி மருத்துவம் இல்லை என்று கேட்டுக்கொண்டு, ஒரு சிறு பையில் மாத்திரைகளோடு வடக்கே திரும்புவது. முதற்பயணத்தைத் தடுப்பது அரசின் கடமை. இரண்டாவது பயணத்தை எளிதாக்குவதும் அதே அரசின் கடமையே. முன்னதை நாம் ஓரளவு கருத்தோடு செய்துவருகிறோம். பின்னதை மறந்தோம் என்பதைவிட, முன்னதைச் செய்யும் வேகத்தில் பின்னதைச் சிதைத்தோம் என்பதே உண்மை.

1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தன் எட்டாம் பிரிவிலேயே மருத்துவப் பயனுக்கும் அறிவியல் பயனுக்கும் விலக்கு அளித்திருந்தது. நோயாளிக்கு மருந்தை மறுக்க வேண்டும் என்று அதை இயற்றியவர் எவரும் எண்ணவில்லை. ஆனால் அச்சட்டத்தின் தண்டனைகள் கடுமையானவை. 2001இல் திருத்தப்படும்வரை கைப்பற்றப்பட்ட அளவு சிறிதா பெரிதா என்று பாராமல் பத்தாண்டுச் சிறை என்பதே பல குற்றங்களுக்குத் தொடக்கமாக இருந்தது. அபினிலிருந்து எடுக்கப்படும் வலிமருந்தாகிய மார்பினை ஒரு மருத்துவமனை வாங்க வேண்டுமானால் வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டுவரவும் தனித்தனி உரிமங்கள் வேண்டும்; அவை வெவ்வேறு துறைகளிடமிருந்து வர வேண்டும்; அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும்; மருந்து வேறு மாநிலத்திலிருந்து வருவதானால் அந்த மாநிலத்தின் இசைவும் வேண்டும். ஒரு பதிவேட்டில் ஒரு மாத்திரை குறைந்தாலும் சிறை நேருமோ என்று அஞ்சிய மருந்துக்கடைக்காரர் அதை அடுக்கிலிருந்து அகற்றினார். மருத்துவமனைகளும் அகற்றின. 1985க்கும் 1997க்கும் இடையே இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பினின் அளவு 97 விழுக்காடு குறைந்தது. 1997இல் இப்பெருநாடு முழுவதும் பயன்படுத்தியது ஏறத்தாழ 18 கிலோ. அதே ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் பயிரிட்டார்கள். அந்த அபின் அரசின் ஆலைகள் வழியே உலக நாடுகளின் மருந்துத் தேவைக்காகக் கப்பலேறியது. பிறநாட்டு நோயாளியின் வலி நம் மண்ணில் விளைந்த பொருளால் தணிந்துகொண்டிருக்க, நம் வீட்டு நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். 1998இல், புற்றுநோயால் துன்புற்ற தாய்க்கு மார்பின் கிடைக்காத மகன் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இங்கே வலி என்று சொல்வது தலைவலியையோ கைகால் உளைச்சலையோ அன்று. எலும்பில் பரவிய புற்று தரும் வலி, படுக்கையில் புரண்டு படுப்பதையே ஒரு வேதனையாக ஆக்கிவிடும். அது உறக்கத்தைப் பறிக்கும், உணவை வெறுக்கச் செய்யும், பேச்சைக் குறைக்கும். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய சொற்களையும் விட்டுவிட வைக்கும். இதற்கு மருந்து உண்டு, விலையும் மிகக் குறைவு. பத்து மில்லிகிராம் மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்தபின் அன்று, வலி எழுமுன்னே கொடுத்துவர வேண்டும். இரவில் நோயாளியை எழுப்பாதிருக்கப் படுக்கும் வேளையில் அளவை இரட்டிப்பதும் உண்டு. மலச்சிக்கல் தவறாது வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து எழுத வேண்டும். வலியின் அளவறிந்து மருத்துவர் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் இம்முறையில் நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை. எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு பேசுகிறார்.

அவர் அதற்கு அடிமையாகிவிட மாட்டாரா என்று கேட்பவர்கள் தீய எண்ணத்தால் கேட்பதில்லை. குடியும் போதையும் குடும்பங்களை அழித்ததைக் கண்முன் பார்த்தவர்கள் அவர்கள். கடலோரக் குப்பங்களில் இந்த அச்சத்துக்குக் காரணம் நிறையவே உண்டு. ஆனால் அச்சம் அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி மற்றும் நோய் ஆதரவுச் சங்கம், எளிய குடும்பங்களின் கையில் மார்பின் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாண்டுகளில் அவ்வாறு மருந்து பெற்ற 1,723 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. தவறான பயன்பாடோ திருட்டுக் கடத்தலோ ஒன்றுகூட அதில் காணப்படவில்லை. ஏழையை நம்பி ஒப்படைத்த மருந்தை ஏழை போற்றிக் காத்தான். நம்மை நாமே எவ்வளவு தாழ்வாக மதிப்பிட்டிருந்தோம் என்பதை அந்த ஆய்வு நமக்குக் காட்டியது.

அறநூல்கள் அடக்கத்தை உயர்த்திப் பேசுவது நாம் நம்மேல் சுமத்திக்கொள்ளும் அடக்கத்தைத்தான். உண்ண வல்லவன் அளவோடு உண்பதும், சினம் கொள்ள ஆற்றல் உள்ளவன் பொறுப்பதும், போதையின் அழைப்பு காதில் விழுந்தும் இளைஞன் விலகி நடப்பதும் அடக்கம். வலியில் துடிக்கும் இன்னொருவர்மேல், வலியறியாத ஒருவர் வெளியிலிருந்து சுமத்தும் மறுப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்திலும் மருந்தைத் தொண்ணூற்று ஐந்தாம் அதிகாரத்திலும் வைத்தார். இடையில் நிற்பது சூது ஒன்றே. இவ்வளவு நெருங்கி வைத்தும் ஒன்றன் நெறியை மற்றதன்மேல் ஏற்றவில்லை. களிப்புக்காக உண்பவனிடம் அவர் காட்டிய கடுமை வேறு. நோயுற்றவனையும் மருத்துவனையும் மருந்தையும் உடனிருந்து கொடுப்பவனையும் ஒருசேர நினைத்த பரிவு வேறு. இரண்டும் ஒரே உள்ளத்தில் வாழ முடியும் என்பதற்கு அவரே சான்று. நாமோ ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கைவிட வேண்டும் என்று நம்பிப் பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டோம்.

சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையொட்டி 2015இல் வந்த விதிகளும் மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இன்றியமையாத போதை மருந்துகள் என்று வகுத்து, நாடெங்கும் ஒரே நெறியைக் கொண்டுவந்தன. உரிமங்களின் குவியலுக்கு மாறாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே ஏற்பிசைவு போதும் என்றாயிற்று. அந்த ஏற்பிசைவு பெற்ற மருத்துவ நிலையத்தில் இதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். கணக்கு எழுதப்பட வேண்டும். நோயாளியின் பெயர் பதியப்பட வேண்டும். மருத்துவரின் சீட்டின்பேரில் தனக்கென வழங்கப்பட்ட அளவை நோயாளி தன்னிடம் வைத்திருக்கலாம். இந்தக் கட்டுப்பாடுகள் முறையானவை; இவற்றில் எதையும் தளர்த்தச் சொல்லி இக்கட்டுரை எழுதப்படவில்லை.

சட்டம் திறந்த கதவருகே பழக்கம் இன்னும் காவல் நிற்கிறது என்பதே குறை. ஏற்பிசைவு பெறலாம் என்று அறிந்தும் கேட்காத மருத்துவமனைகள் உண்டு. பல்லாண்டு பணியாற்றியும் ஒருமுறைகூட மார்பின் சீட்டு எழுதாத மருத்துவர்கள் உண்டு. வலிதணிக்கும் கலை இளநிலை மருத்துவப் பாடத்தில் முறையாக இடம்பெற்றதே 2019இல்தான். இதன் விளைவு எல்லையோரத்து எளியவர் தலையில் விழுகிறது. சென்னையில் பதிவு பெற்று மருந்து வாங்கித் திரும்பிய ஒருவரின் ஊருக்கு அருகில் அம்மருந்து தரும் நிலையம் இல்லையென்றால், மாத்திரை தீரும்போது யாராவது ஒருவர் மீண்டும் சென்னைக்குப் போக வேண்டும். சூலூர்ப்பேட்டையில் தொடர்வண்டி ஏறி, அக்கம்பேட்டை, தடா, ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி என்று வந்து, சென்னையில் வரிசையில் நின்று, இரவுக்குள் திரும்ப வேண்டும். அன்றைய கூலி போயிற்று. மறுநாள் கடலுக்கோ ஏரிக்கோ போக உடல் ஒத்துழைப்பதில்லை. இப்படிப் பலமுறை நடந்தபின் ஒருநாள் எவரும் போவதில்லை. மருந்து தீர்ந்த அந்த இரவில் வலி திரும்பி வருகிறது. வழியிலுள்ள ஊரின் மருந்துக்கடையில் கேட்டாலோ, சீட்டு வேறு ஊருடையது, மொழி வேறு, ஆள் அறியாதவர், பொருளோ போதைப்பொருள் என்று கைவிரித்துவிடுவார்கள். அந்தக் கடைக்காரரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் அஞ்சுவதற்குக் காரணங்களை நாம்தான் கொடுத்திருக்கிறோம்.

பிறமாநிலத்தார்க்கு நம் மருந்தை ஏன் தர வேண்டும் என்ற கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்படுவது அரிது. ஆனால் பலர் மனத்தில் இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்க்கு இக்கேள்வி புதியதன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை தலைமுறைகளாக நின்று வருகிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள்; உரிமையில்லாதவர் அந்த இடத்தில் வலை கட்ட முடியாது. வெளியாரை விலக்கும் வழக்கந்தான் அது. இருப்பினும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஏரியின் இறால் எடுக்க எடுக்கக் குறைவது; ஒருவர் மிகுதியாக எடுத்தால் இன்னொருவர் வீட்டில் உலை கொதிக்காது. வலிதணிக்கும் மருந்து அவ்வாறு குறைவுபடும் பொருளன்று. தடாவிலிருந்து வந்த முதியவளுக்குக் கொடுத்த பத்து மாத்திரையால் ஆரம்பாக்கத்து முதியவர் ஒருவரின் பங்கு குறையப்போவதில்லை. தேவையைக் கணக்கிட்டுச் சொன்னால் வேண்டிய அளவு செய்துகொள்ளும் வலிமை இந்நாட்டுக்கு உண்டு. குறையாத பொருளைப் பூட்டிவைத்துக்கொண்டு, குறையும் பொருளுக்குரிய நியாயத்தை அதற்குச் சொல்வது அறமாகாது.

கஞ்சாவையும் மருந்தாகத் தரலாமே என்ற பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது; அதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அச்செடியைத் தூய்மை செய்து அளவோடு ஆளும் முறைகளை அறிந்திருந்தன. 1839இல் கல்கத்தாவில் ஓ'ஷாக்னெசி என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதியபின்னரே மேலைநாட்டு மருத்துவம் அதைக் கருத்தோடு நோக்கியது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. அமெரிக்காவில் 1996இல் கலிபோர்னியா தொடங்கிவைத்தபின் பல மாநிலங்கள் நோயாளிக்குக் கஞ்சாவை வழங்குகின்றன. அவற்றுள் சில, வேறு மாநிலத்து நோயாளி கொண்டுவரும் அட்டையை ஏற்று உள்ளூரிலேயே வாங்க விடுகின்றன, சில ஏற்பதில்லை, எல்லை கடந்து கொண்டுசெல்வதையோ நடுவண் அரசின் சட்டம் இன்றும் குற்றமென்கிறது. நோய் ஓர் எல்லைக்கு அப்பால் நோயாகவும் இப்பால் குற்றமாகவும் மாறும் அந்த நிலையைப் பார்த்து நாம் வியப்பதற்கில்லை.

என் எண்ணம் இது. குழந்தைகளின் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து பயன்படுவது ஆய்வால் நிறுவப்பட்டிருக்கிறது. அது போல நிறுவப்பட்டவற்றை, மருத்துவர் கையெழுத்தோடும் மருந்தாளுநரின் பதிவேட்டோடும் நோயாளிக்குத் தருவதில் பிழையில்லை. நிறுவப்படாததை மருந்தென்று விற்பது, துன்பத்தில் இருப்பவரை ஏமாற்றுவது. மருந்தின் பெயரால் களிப்புக்கு வழிதிறப்பது, நாளை உண்மை நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையை இன்றே செலவழிப்பது. ஆயினும் புதிய மருந்தைப் பற்றிய வழக்காடலில் நாம் ஆண்டுகளைக் கழிக்கையில், ஐயமற நிறுவப்பட்ட பழைய மருந்தாகிய மார்பின் கைக்கெட்டாமல் நிற்பதை மறந்துவிடலாகாது. முதலில் அதைத் தர வேண்டும்.

சாவடியில் பிடிபடுவோரைப் பற்றியும் ஒரு சொல். இருபது கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுடன் பிடிபட்டவர்க்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்கிறது சட்டம். பொட்டலத்தைச் சுமந்து வருபவர் பெரும்பாலும் அதன் உடைமையாளர் அல்லர். சிறு தொகைக்காக ஒருமுறை என்று ஒப்புக்கொண்ட இளைஞராக இருப்பார். இருபத்திரண்டு வயதில் உள்ளே செல்பவர் முப்பத்திரண்டில் வெளியே வருகிறார். அதற்குள் தாயோ தந்தையோ மறைந்திருப்பார்கள், தங்கைக்கு மணம் தடைபட்டிருக்கும், கற்ற தொழில் கையைவிட்டுப் போயிருக்கும். இந்த இளைஞர்க்குச் சொல்லப்பட வேண்டிய அறிவுரை பெற்றோரிடமிருந்தும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் காலத்தே வந்திருக்க வேண்டும். காவலரின் கை தோளில் விழுந்தபின் வரும் அறிவுரைக்குப் பயன் சிறிது. இளைஞரைக் காக்கக் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தக் கண்டிப்பின் விலையை நோயாளி கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஒருவரின் கடைசி மாதங்கள் அவரோடு முடிந்துவிடுவதில்லை. தந்தை வலியால் கதறுவதை ஓலைத் தடுப்புக்கு இப்பால் இருந்து இரவெல்லாம் கேட்ட சிறுவன் அந்த ஒலியைத் தன் அறுபதாம் வயதிலும் சுமக்கிறான். மருத்துவமனை என்றால் ஒன்றும் செய்யாத இடம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். தன் உடலில் கட்டி தோன்றும்போது காட்டாமல் மறைக்கிறான். காலம் கடந்து வருகிறான். தந்தையின் நோய்வழியே அவனுக்கும் அமைகிறது. அமைதியாகக் கண்மூடிய தாயின் கையைப் பிடித்திருந்த மகளோ இறப்பை அஞ்சாமல் வளர்கிறாள், அடுத்த வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் தயங்காமல் சென்று நிற்கிறாள். கேரளத்தில் அண்டை வீட்டார் கூடி நோயாளிகளைப் பேணும் குழுக்கள் வேரூன்றியதற்குப் பின்னே இத்தகைய மகள்களும் மகன்களும் பலர் இருக்கிறார்கள். மருந்தை மறுத்த கையும் தப்புவதில்லை. கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லிப் பழகியவர் மெல்ல மெல்லக் கேட்பவரின் முகத்தைப் பாராமல் இருக்கப் பழகுகிறார். அந்தப் பழக்கம் கடையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிப்பதன்று. எல்லைக்கு இப்பால் கும்மிடிப்பூண்டி வட்டத்திலும் அப்பால் சூலூர்ப்பேட்டையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில், வலிமருந்தை என்றும் இருப்பில் வைத்து வழங்கும் ஏற்பாடு குறைவின்றி நடக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான நோயாளியின் குறிப்பை மறுமாநில நிலையம் ஏற்று, தன் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டு, தொடர்ந்து மருந்து வழங்க இரு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் எழுத்தால் உடன்பட வேண்டும். இரண்டு பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒருவரே இரண்டிடத்தில் வாங்குவதையும் கண்டுகொள்ளலாம். அந்தக் குறிப்பு தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சாவடியில் பையைத் திறக்கும் காவலர் அதைப் படித்ததும் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்து வழிவிடப் பயிற்சி பெறட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நோய் ஆதரவுச் செவிலியர் வீடு தேடிப் போகிறார். ஏரிக்கரையில் அவர் செல்லும் கடைசித் தெருவுக்கும் ஆந்திரத்தின் முதல் தெருவுக்கும் இடையே நடந்து கடக்கும் தூரமே இருக்கிறது. அங்குள்ள நோயாளியின் பெயரை அவர் குறித்துக்கொண்டு மறுபுறத்துச் செவிலியர்க்குத் தெரிவிக்க ஓர் ஆணை போதும். அதில் கையெழுத்திட வேண்டியவர்கள் சென்னையிலும் அமராவதியிலும் இருக்கிறார்கள்.